குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்த ஐஸ்

2023 செப்டம்பர் 16, சனிக்கிழமை. வேலை இல்லாத நாள். வழமைபோல் ஆறரைக்கு எழுந்து கோப்பி போட்டுக் குடித்தேன். யன்னல் விளிம்பில் புறாக்கள் விட்டுப் போனதை ஈரத் துணியால் துடைத்தேன். பிறகு வெள்ளிக்கிழமைக்குரிய நாட்குறிப்பை எழுதினேன். ஒரு நாளை அன்றே எழுதுவது என் பழக்கமில்லை; ஓர் இரவு ஆறவிட்டு எழுதினால்தான் சரியாக வரும். கடைகள் திறந்ததும் கீழே இறங்கிப் போய்க் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கினேன். முருங்கைக்காயை முறித்துப் பார்க்கக் கடைக்காரருக்கு விருப்பமில்லை. நான் முறித்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

வீட்டுக்கு வந்து மேசையைத் துடைத்து, இரண்டு படங்களை அருகருகே வைத்தேன்.

முதல் படத்தில், சமையற்காரரின் வெள்ளை மேலங்கியோடு ஓர் இளைஞர் ஓர் உணவகத்துக் குசினியின் பின்கதவடியில் நிற்கிறார். அவருடைய முழங்காலுக்குப் பின்னால் தொடங்கும் பனி, ஓரத்துப் பாறைச் சுவரைத் தவிர, படம் முழுவதையும் நிறைத்திருக்கிறது. வானத்திலிருந்து விழுந்த புதுப் பனி அல்ல, பனியாற்றின் பனி. பழையது, இறுகியது, மேலே கல்லும் தூசியும் படிந்தது. இரண்டாவது படத்தை ஓகஸ்ட் மாதம் அதே கதவடியில் நின்று நான் எடுத்தேன். அதில் பனி இல்லை. கதவுக்கு அப்பால் நிலம் சரிந்து இறங்குகிறது. கல், மணல், மறுபடியும் கல்.

அந்த இளைஞரைத் திருமணம் செய்ய விரும்புகிறவள் என் மருமகள், தங்கையின் மகள். இங்கே பிரான்ஸில் பிறந்தவள், ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். இவரைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று சொல்லிவிட்டாள். தாயின் சம்மதம் இல்லாமலும் கட்டுவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். எபினே-சூர்-செய்ன் புறநகரில் இருக்கும் என் தங்கை, கணவர் இறந்த நாளிலிருந்து என்னைக் கேட்காமல் எந்த முடிவும் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மாப்பிள்ளையின் தமக்கை லெ பிளாங்-மெனிலிலிருந்து முறைப்படி பேச வரவிருந்தார். அதற்கு முன் நான் தங்கைக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும். ஓம், அல்லது இல்லை.

மாப்பிள்ளையை விசாரிப்பது எங்கள் ஆட்களிடம் ஒரு தனி வேலை. ஊரில் பக்கத்து வீட்டைக் கேட்பார்கள், படித்த பள்ளிக்கூடத்தைக் கேட்பார்கள், கோயிலடியில் கேட்பார்கள். இவர் வன்னியிலிருந்து வந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்பதே இவருக்குத் தெரியாது. ஆகவே பிரான்ஸுக்கு வந்த பிறகுள்ள வருடங்களை மட்டுமே விசாரிக்க முடியும். அதிலும் முதல் சில வருடங்கள் மலையில், ஒரு பனியாற்றின் கரையிலிருந்த உணவகத்தில் போயின என்று சொல்லி, அதற்கு அத்தாட்சியாக அந்த முதல் படத்தைத் தந்திருந்தார். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மண்டபம் எடுத்து அழைப்பிதழும் அடித்த பிறகு, மாப்பிள்ளைக்குச் சுவிஸில் மனைவியும் குழந்தையும் இருப்பது தெரிய வந்தது. அந்த மனிதரும் அங்கே கழித்த வருடங்களை ‘மலைப்பக்கம் வேலை’ என்றுதான் சொல்லி வைத்திருந்தார். அன்றிலிருந்து மலை என்று யாராவது சொன்னாலே, எந்த நாட்டு மலை என்று தங்கை கேட்பாள்.

என்னிடம் இந்த வேலை வந்ததற்குக் காரணம் என் தொழில். ஒரு ஹோட்டலின் நிலவறையில் வந்திறங்கும் சாமான்களைப் பொறுப்பெடுப்பவன் நான். மீன் ஐஸ் நிறைத்த பெட்டியில் வரும். பெட்டியோடு நிறுக்க மாட்டேன். ஐஸைக் கொட்டி, தண்ணீரை வடித்து, மீனை மட்டும் நிறுப்பேன். வாகன ஓட்டுநர்கள் முணுமுணுப்பார்கள். ஐஸ், இல்லாத எடையை இருப்பதாகக் காட்டும். இருக்கும் குறையை மூடி வைக்கும். நான் அதை நம்பியதே இல்லை.

ஓகஸ்டில், எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலிலிருந்து ஒரு சுற்றுலாப் பேருந்து புறப்பட்டது. ஒரு நாள் சுவிஸ் ஏரி, அடுத்த நாள் எல்லைக்கு இந்தப் பக்கத்து மலை. மாப்பிள்ளை சொன்ன மலையின் பெயர் விளம்பரத்தில் இருந்ததால் சீட்டு எடுத்தேன். காரணத்தைத் தங்கையைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பேருந்தில் இடியப்பப் பொதிகளும் பழைய பாட்டுகளும் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்து, “என்ன அண்ணை, தனிய வாறியள்? பொம்பிளை பாக்கவோ?” என்றார். மாப்பிள்ளை பார்க்க என்று சொல்ல முடியாமல் சிரித்து வைத்தேன்.

கேபிள் கார் ஏறி மேலே போனோம். உணவகம் இருந்தது. பின்கதவும் இருந்தது. பனியைத்தான் காணவில்லை. எங்கள் ஆட்கள் கம்பித் தடுப்பில் சாய்ந்து தேடினார்கள். “எங்கையப்பா ஐஸ்? இவ்வளவு தூரம் வந்து கல்லோ பாக்கிறது?” என்று ஒருவர் சத்தம் போட்டார். வழிகாட்டி கீழே கையைக் காட்டினார். பள்ளத்தாக்கின் அடியில் ஈரச் சீமெந்து கொட்டியதுபோல் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது. அதன்மேல் முழுக்கக் கற்கள். அதுதான் பனியாறு என்றார். இறங்கும் பாதையோரப் பாறையில், இந்த ஆண்டு பனி இந்த மட்டத்தில் நின்றது என்று இரும்புத் தகடுகள் அடித்திருந்தார்கள். நான் அவற்றை வாசித்தேன், நம்பவில்லை. ஒரு தகட்டில் ஆண்டை எழுதிப் பாறையில் அடிக்க யாராலும் முடியும். சுற்றுலாப் பயணிகளுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும், பனி போனால் தகட்டையாவது காட்டுவார்கள் என்று நினைத்தேன். உணவகத்தில் விசாரித்தேன். உரிமையாளர் மாறிவிட்டார். பரிமாறும் பெண் அந்தக் கோடைக்குத்தான் வேலைக்கு வந்தவள். அவளுக்கு எந்தத் தமிழரையும் தெரியாது.

திரும்பி வந்து தங்கையிடம் சொன்னேன்.

“அப்ப பொய்யோ, அண்ணை?”

“பொய் எண்டு நான் சொல்லேல்லை. ஐஸ் இல்லை எண்டு சொல்லுறன்.”

“ரெண்டும் ஒண்டுதானே” என்றாள்.

அன்றைய சனிக்கிழமைக்கு வருகிறேன். படங்களை உறையில் போட்டுக்கொண்டு எங்கள் வீதியிலேயே இருக்கும் புகைப்பட ஸ்ரூடியோவுக்குப் போனேன். முன்பு வந்து சேர்ந்தவர்கள் ஊருக்கு அனுப்ப அங்கேதான் படம் எடுப்பார்கள். பின்னால் ஈஃபில் கோபுரம் தொங்கும், அல்லது பனிமலை தொங்கும். இப்போது எல்லாம் கணினிக்குள் வந்துவிட்டது. குளிரே படாமல் பனியில் நின்ற பலரை எனக்குத் தெரியும். இந்தப் படமும் அங்கே பிறந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஸ்ரூடியோக்காரர் என் முகத்தைப் பார்த்ததும், “அண்ணை, எந்த மலை வேணும்? வெள்ளை மலை இருக்கு, பூ வைச்ச மலை இருக்கு” என்றார்.

“எனக்கு மலை வேண்டாம். இது உங்கடை மலையோ எண்டு பாருங்கோ.”

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடியும் போட்டார். எனக்குள் நம்பிக்கை எழுந்தது. நான் நினைத்தது சரி என்று யாராவது சொல்லப்போகும்போது வரும் நம்பிக்கை.

“எங்கடை வேலை இல்லை அண்ணை.”

“எப்பிடிச் சொல்லுறியள்?”

“ஐஸைப் பாருங்கோ. ஒரே ஊத்தை. கல்லும் மண்ணும். காசு குடுத்து ஆர் ஊத்தை ஐஸ் வைப்பான்? நாங்கள் செய்திருந்தா இதைவிட வடிவா இருந்திருக்கும்.”

கடையில் நின்ற இன்னொருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் காரணம் நல்ல காரணம் என்று எனக்குப் பட்டது. ஆனால் அது நிரூபித்தது ஒன்றைத்தான்: இவர் எப்போதோ ஏதோ ஒரு பனியருகே நின்றிருக்கிறார். அது எந்தப் பனி? கதவுகள் எல்லா மலையிலும் இருக்கும். சுவிஸிலும் இருக்கும், குடும்பம் நடத்தவும் வசதியாக.

அங்கிருந்தே மாப்பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன். பக்கத்து ஸ்தேன் நகரில் இருக்கிறவர், அன்று மாலைதான் அவருக்கு வேலை. தேநீர்க் கடைக்கு வரச் சொன்னேன். உடனே வந்தார். வந்து நின்றதும், “வணக்கம் மாமா” என்றார்.

“இப்போதைக்கு அண்ணை எண்டு கூப்பிடும்.”

“ஓம் அண்ணை.”

இரண்டு படங்களையும் அவர்முன் வைத்தேன். “நீர் நிண்ட இடத்திலை நானும் நிண்டனான். ஐஸ் எங்கை?”

அவர் என்னுடைய படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். “மேலை போய் வந்தனீங்களோ? என்னைக் கேட்டிருந்தா நான் கூட்டிக்கொண்டு போயிருப்பனே.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லும்.”

“முதல் வருசம் குசினிக் கதவைத் திறந்தா ஐஸ், அண்ணை. சோடாப் போத்தலை அதுக்கை தாட்டு வைப்பம். அடுத்த வருசம் வேலைக்குப் போக, கதவடியிலை படி கட்டியிருந்தவை. அதுக்கடுத்த வருசம் ஏணி. பேந்து ஏணிக்கு ஏணி கட்டினது.”

“ஐஸ் பின்னுக்குப் போட்டுதோ?”

“பின்னுக்கும் போனதுதான். கூடப் போனது கீழை. சட்டியிலை தண்ணி வத்துற மாதிரி. தூரத்திலை நிண்டு பாத்தா அப்பிடியே கிடக்கிற மாதிரித்தான் தெரியும். கரையிலை நிக்கிறவனுக்குத்தான் இறங்கினது தெரியும்.”

“வெயில் முந்தியும் அடிச்சதுதானே?”

“அடிச்சதுதான். ஆனா மாரியிலை விழுந்த ஸ்நோ முந்தி வெயில் காலத்திலையும் மேலை கிடக்கும். வெள்ளைதானே, வெயிலைத் திருப்பி அனுப்பிப்போடும். கரையாமல் மிஞ்சிறதுதான் நாள்பட ஐஸா வாறது. நான் வேலையை விடுற காலத்திலை வெயில் தொடங்கக்குள்ளையே அது போட்டுது. பேந்து வெளியிலை கிடக்கிறது ஊத்தை ஐஸ். கறுப்பு. அது வெயிலைக் குடிக்கும். செலவுதான், வரவு இல்லை.” என் படத்திலிருந்த கற்களைக் காட்டி, “கல்லும் விழத் தொடங்கிட்டுது. குளிர் இறுக்கிப் பிடிச்சு வைச்சிருந்த கல்லுகள். அதுக்குப் பிறகு ஆக்கள் வாறது குறைஞ்சுது, எனக்கும் வேலை போச்சுது” என்றார்.

எல்லாம் பொருந்தியது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கேள்விக்காகக் காத்திருந்தவர்போல் பதில்கள் வந்தன. பெட்டியை மிக அழகாக அடுக்கிக்கொண்டு வரும் ஓட்டுநரின் மீனைத்தான் நான் இரண்டாம் முறையும் நிறுப்பேன். ஆகவே வேறு பக்கத்தால் கேட்டேன்.

“வேலையை விட்ட பிறகு அங்கை போனனீரோ?”

“ஒருக்காப் போனனான். ரெண்டு வருசத்துக்கு முதல்.”

“தனியவோ?”

அவர் தேநீரைக் கலக்கினார். ஏற்கெனவே சீனி போட்ட தேநீருக்கு மறுபடியும் சீனி போட்டார். காது மடல் சிவந்தது.

“ஓம். தனிய.”

அது பொய். அதுவரை அவர் சொன்ன எதைப் பற்றியும் எனக்கு நிச்சயம் இருக்கவில்லை. இதைப் பற்றி இருந்தது. கூட ஒருவர் போயிருக்கிறார், அது பெண், அவளைப் பற்றி எங்களுக்குத் தெரியக்கூடாது. தங்கையின் பயம் வீண் பயம் இல்லை என்று எண்ணினேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுப் படிகளில் ஏறும்போதே தங்கையிடம் எந்தச் சொற்களில் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

மதியச் சமையலுக்கு முருங்கைக்காயை வெட்டிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. மருமகள். மூச்சு வாங்கினாள். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். அவள் ஒருநாளும் அப்படி வருவதில்லை.

“மாமா, நீங்கள் அவரிட்டைத் தனியவோ எண்டு கேட்டனீங்களாம்.”

“கேட்டனான்.”

“அவர் தனிய எண்டு சொன்னவராம்.”

“சொன்னவர். பொய் சொன்னவர்.”

“மே நோன், இல்லை மாமா! அது நான். அவரோடை போனது நான்.”

கத்தியைக் கீழே வைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தமிழில் தொடங்கிப் பிரெஞ்சுக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முந்திய கோடையில், வேலை சம்பந்தமான பயிற்சி என்று தாயிடம் சொல்லிவிட்டு அவரோடு மலைக்குப் போயிருக்கிறாள். அந்தக் கதவை அவளுக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. போகும் வழியெல்லாம், கதவைத் திறந்தால் ஏணி, ஏணியில் இறங்கினால் ஐஸில் கால் வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனாராம். உணவகத்தின் பின்பக்கம் போய் நின்றதும் பேச்சு நின்றுவிட்டதாம்.

“இடம் மாறி வந்திட்டம் எண்டு நினைச்சிட்டார், மாமா. திரும்பி வாசலுக்குப் போய்ப் பேர்ப் பலகையை வாசிச்சார். பேந்து வந்து, நான் பொய் சொல்லேல்லை, நான் பொய் சொல்லேல்லை எண்டு எனக்குச் சொல்லுறார். நான் ஒண்டுமே கேக்கேல்லை.”

“நீ நம்பினியோ?”

“முதல் நம்பேல்லை.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “நான் உங்கடை மருமகள்தானே.”

பிறகு என் படத்தை இழுத்து எடுத்து, கதவுக்கு வலப்பக்கம் இருந்த பாறைச் சுவரில் விரலை வைத்தாள். பாறையின் மேற்பகுதி கறுப்பு. பாசியும் புல்லும் பிடித்த கறுப்பு. ஓர் உயரத்துக்குக் கீழே அது திடீரென்று வெளிறி, தேய்த்துக் கழுவிய கல்போல் இருந்தது. இரண்டையும் ஒரு நேர்கோடு பிரித்தது. எடுத்த நாளிலேயே அந்தக் கோட்டைக் கண்டிருந்தேன். பாதை போட வெட்டிய இடம் என்று நாட்குறிப்பில் எழுதியும் வைத்திருந்தேன். பாதை அந்தப் பக்கமே போகவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

“ஐஸ் மூடிக்கொண்டிருந்த இடத்திலை ஒண்டும் முளைக்காது, மாமா. அதாலை கீழ்ப்பக்கம் வெள்ளை. கோடு தெரியிற இடம் வரைக்கும் ஐஸ்.”

நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன். என் படத்தில் கோட்டுக்குச் சற்று மேலே பாறையில் ஓர் இரும்பு வளையம் அடித்திருந்தது. பக்கத்தில் மின்னல்போல் வளைந்த ஒரு வெடிப்பு. மாப்பிள்ளையின் படத்தில், அவருடைய தோளுக்கு மேலே, அதே வளையம், அதே வெடிப்பு. அவற்றுக்குக் கீழே பாறை இல்லை, பனி. அந்தப் படத்தில் பனி முடியும் மட்டமும் என்னுடையதில் வெளிறல் தொடங்கும் மட்டமும் ஒன்று. நான் மூன்று முறை பார்த்தேன். பிழை பிடிக்க விரும்பித்தான் பார்த்தேன்.

கதவிலிருந்து அந்தச் சாம்பல் அடிவரை இருந்த வெறும் ஆழத்தை அப்போதுதான் யோசித்தேன். அவ்வளவும் ஐஸாக இருந்திருக்கிறது, ஒரு சமையற்காரர் வேலைக்கு வந்ததற்கும் நான் போய் நின்றதற்கும் இடையில் தண்ணீராகி இறங்கியிருக்கிறது. மலை மாறாது, மனிதர்தான் மாறுவார்கள் என்ற கணக்கில் விசாரணையை ஆரம்பித்திருந்தேன். மலையைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அவரைக் குறுக்கு விசாரணை செய்தேன். சாட்சியை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ” என்றாள் மருமகள். “ஐஸ் போனதை அவ மன்னிச்சாலும் நான் போனதை மன்னிக்க மாட்டா.”

“அவர் உனக்காகத்தான் பொய் சொன்னவரோ?”

“ஓம். ஆனா வடிவாச் சொல்லத் தெரியேல்லை.”

அவள் போன பிறகு அந்தப் பதிலை நினைத்துப் பார்த்தேன். இரண்டு முறை சீனி போட்டுக் காது சிவந்த ஒரு மனிதர், வேறொரு நாட்டில் ஒரு குடும்பத்தை வருடக்கணக்காக ஒளித்து வைத்திருக்க முடியுமா? பாறையிலிருந்த கோட்டைவிட இது எனக்குப் பெரிய அத்தாட்சியாகத் தோன்றியது. ஆனால் இதைத் தங்கையிடம் சொல்ல முடியாது. சொன்னால், எதைப் பற்றிப் பொய் சொன்னார் என்று கேட்பாள்.

பின்னேரம் அவளே தொலைபேசி எடுத்தாள். படங்களைப் பற்றியும் வளையத்தைப் பற்றியும் விளக்கினேன். ஐஸ் இறங்கிவிட்டது, பொடியன் சொன்னது சரியாக இருக்கக்கூடும் என்றேன்.

“ஓகஸ்டிலை ஐஸ் இல்லை எண்டீங்கள். இண்டைக்கு ஐஸ் இருந்தது எண்டுறியள். இடையிலை ஆர் வந்து உங்களோடை கதைச்சது?”

“ஒருத்தரும் கதைக்கேல்லை. படத்தை வடிவாப் பாத்தனான்.”

“இவ்வளவு நாளும் வடிவாப் பாக்கேல்லையோ? நீங்களோ?”

என் தங்கைக்கும் எனக்கும் ஒரே தாய்தான்.

“சரி, எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. நாளைக்குப் பொடியன்ரை அக்காவுக்குத் தேத்தண்ணியோ, சாப்பாடோ?”

எங்களுக்குள் அதன் பொருள் தெளிவு. பேச வந்தவர்களைத் தேநீரும் பலகாரமும் கொடுத்து அனுப்பினால், யோசித்துச் சொல்கிறோம் என்று அர்த்தம். யோசிக்கப் போவதில்லை என்று அதற்கு உள்ளர்த்தம். சோறு போட்டால் சம்மதம்.

“விடியச் சொல்லுறன்” என்றேன்.

“அப்ப உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருக்கு.”

“இருக்கு.”

அது உண்மை. மாப்பிள்ளையின் மேல் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு ஓம் சொல்லும் என்னுடைய கண்ணின் மேல். உறையிலிருந்து படங்களை மறுபடியும் வெளியே எடுத்தேன். மலையில் எடுத்த மற்றப் படங்களையும் தேடி எடுத்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்றில் பாதையோரத்து இரும்புத் தகடுகள் வரிசையாகத் தெரிந்தன, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, கீழே போகப் போக இடைவெளி கூடிக்கொண்டு. ஏமாற்ற நினைத்து அடித்தவர் சம இடைவெளியில் அடித்திருப்பார் என்று நினைத்தேன். பிறகு முருங்கைக்காய்க் கறியைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். சனிக்கிழமைக்குரிய பக்கத்தை, பழக்கப்படி, வெறுமையாக விட்டேன்.

ஞாயிறு காலை எழுந்ததும், முகம் கழுவுவதற்கு முன், கோப்பிக்குத் தண்ணீர் வைப்பதற்கும் முன், தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, “அரிசியைப் போடு” என்றேன்.